ஒரு சொட்டு ரத்தமும் கொஞ்சம் எச்சிலும்

எங்கள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. வாடிக்கையாளரிடம் மூச்சு விடமாட்டோம். விட்டால் மறுநாளே ஆர்டர் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். இப்போது நானே எழுதித் தொலைக்கப் போகிறேன், ஆனது ஆகட்டும்.

நான் காஞ்சிபுரத்தில் ஆரி வேலை செய்கிறவள். பட்டுப்புடவையோடு வரும் ரவிக்கைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மேலிருந்து குத்தி, அடியிலிருந்து நூலை இழுத்து, மணியும் ஜரிகையும் வைத்து மாங்காய், தாமரை, யானை என்று எழுப்புவோம். மேல் கை ஊசி பிடிக்கும், கீழ் கை நூல் கொடுக்கும். கீழ் கை என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் துணியைக் குத்துகிற ஊசி, வேகத்தில் விரலையும் ஒரு கை பார்த்துவிடும். சந்தன நிறப் பட்டில் பொட்டாக ஒரு சொட்டு ரத்தம் விழும்.

அதற்குத்தான் அந்த ரகசியம். வெள்ளை நூலைக் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டு மென்று, ஈரமான அந்த உருண்டையால் கறையை ஒற்றி ஒற்றி எடுத்தால் ரத்தம் போன இடம் தெரியாது. தண்ணீர் வைத்தால் பட்டில் வட்டம் நிற்கும், எச்சில் வைத்தால் நிற்காது. அதிலும் ஒரு விதி. யாருடைய ரத்தமோ அவர்களுடைய எச்சில்தான் வேலை செய்யும், அடுத்தவர் எச்சிலுக்குக் கறை அசையாது என்பது எங்கள் நம்பிக்கை. உண்மையா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து யாரும் மாற்றிப் பார்த்ததில்லை. எச்சில் கை பட்டாலே சொம்பை மறுபடி கழுவுகிற கோயில் ஊரில், முகூர்த்த ரவிக்கையில் எச்சில் வைக்கிறோம் என்று தெரிந்தால் எங்களை ஊரை விட்டே துரத்திவிடுவார்கள்.

மரச்சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிற அக்காதான் எனக்கு இந்த வித்தையைச் சொன்னது. உறவு ஒன்றும் கிடையாது. என்னைவிட நாலைந்து வயது பெரியவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், மற்ற நாளெல்லாம் என்னோடு சண்டை போடுவாள். இருவரும் ஒரே சட்டத்தில், கைக்கு எது எட்டுகிறதோ அந்த ஊசியை எடுத்து வருடக்கணக்காக வேலை செய்துவந்தோம். உன் ஊசி, என் ஊசி என்று பார்த்ததே இல்லை.

கல்யாணமாகி நாளாகியும் குழந்தை இல்லாமல் இருந்து, ஒருவழியாக நான் உண்டானேன். வீட்டில் தலைகால் புரியவில்லை. என் கணவர் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிப் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்குப் பஸ்ஸில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தாராம். அந்தச் சந்தோஷத்தில்தான் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து நர்ஸ் கூப்பிட்டு, கல்லீரல் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். மஞ்சள்காமாலைக் கிருமியாம், ஹெபடைட்டிஸ் பி.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். யாருடைய ரத்தத்தையோ என் பேரில் எழுதிவிட்டார்கள் என்று அந்த ஆய்வகத்தில் போய் ஒரு சண்டை போட்டேன். காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, மூன்று வேளையும் வக்கணையாகத் தின்கிறேன், எனக்கு எங்கிருந்து காமாலை? வேறு இடத்தில் ரத்தம் கொடுத்தேன். அங்கேயும் அதேதான் வந்தது. அதற்குப் பிறகுதான் கல்லீரல் டாக்டரிடம் போனேன்.

கல்லீரல் டாக்டர் என் வயசுக்காரம்மாதான். வெளியூர். நான் என் சண்டையை எல்லாம் கொட்டி முடிக்கிற வரைக்கும் பேசாமல் கேட்டுவிட்டு, என் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அம்மா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வயிறு வீங்கி, மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அதைச் சொன்னபோது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கும், இத்தனை வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் இருந்திருக்கும் என்றார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். என் குழந்தைக்கு வருமா?

"உங்க அம்மாவுக்கு அன்னைக்குச் சொல்ல யாரும் இல்ல. உங்களுக்கு நான் இருக்கேன்" என்றார் டாக்டர். அதை அப்படியே நம்பிவிடலாம் போல இருந்தது. ஆனால் பதில் அது இல்லையே.

பதிலுக்கு இன்னும் இரண்டு பரிசோதனை வேண்டும் என்றார். ஏற்கெனவே எடுத்த முதல் பரிசோதனை, சர்ஃபேஸ் ஆன்டிஜென் என்று ஒன்று, கிருமி உடம்பில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இரண்டாவதற்கு 'இ' ஆன்டிஜென் என்று பெயர். அது இருந்தால் கிருமி மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது, மற்றவருக்கு எளிதில் தொற்றும் என்று அர்த்தம். மூன்றாவது, ரத்தத்தில் அந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. டாக்டர் பேப்பரில் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினார். எனக்கு வட்டம் எல்லாம் ஏறவில்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு ஏறுகிற மாதிரி நானே மாற்றிக்கொண்டேன்.

"அப்ப தறி இருக்குதுன்னு தெரிஞ்சிபோச்சு. அது ஓடுதா நிக்குதான்னு பாக்கறீங்க. ஓடுதுன்னா எத்தினி முழம் இறங்குதுன்னு பாக்கறீங்க. அவ்ளோதானே?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இனி வருகிறவர்களுக்கெல்லாம் இப்படியே சொல்லிவிடுகிறேன், வட்டம் போடுகிற வேலை மிச்சம் என்றார்.

முடிவு வந்தபோது சிரிப்பு வரவில்லை. என் தறி ஓடிக்கொண்டிருந்தது. 'இ' இருந்தது, அளவும் எக்கச்சக்கம். எனக்கு இப்போதைக்குக் கல்லீரலில் கோளாறு இல்லை, ஆனால் இப்படியே விட்டால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். விடப்போவதில்லை என்பதையும் சொன்னார். ஏழாம் மாதம் தொடங்கினால் தினம் ஒரு மாத்திரை, தறியின் வேகத்தைக் குறைக்க. குழந்தை பிறந்த கையோடு அதற்கு இரண்டு ஊசி. ஒன்று உடனே காவல் காக்க, இன்னொன்று அதன் உடம்பே காவலைக் கற்றுக்கொள்ள. அப்புறம் வழக்கமான தடுப்பூசிகள். எல்லாம் ஆனபிறகு, ஒன்பது மாதம் தாண்டி, குழந்தையின் ரத்தத்தில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கிருமி இருக்கக் கூடாது. காவல் இருக்க வேண்டும். அதுவரைக்கும் யார் வந்து என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே எவர்சில்வர் கடையில் ஒரு தட்டும் டம்ளரும் வாங்கினேன். தட்டிலும் டம்ளரிலும் சேர்ந்து சாப்பிடுவதால் வராது, ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்தாலோ, புருஷன் பெண்டாட்டி சேர்ந்தாலோதான் வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருந்தாலும் மாமியார் சொல்வதற்கு முன்னால் நானே தள்ளி வைத்துக்கொண்டால் கௌரவமாக இருக்கும் என்று ஒரு வீம்பு. என் மாமியார் எனக்குச் சளைத்தவள் இல்லை. வாய்க்கு வாய் நிற்போம். தெருவில் இருப்பவர்கள் எங்கள் சண்டையைக் கேட்டுத்தான் மணி பார்ப்பார்கள்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரையும் காட்டினேன். அவள் டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது என் புது டம்ளரில் அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுல வராதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சின்னு நீதானே வந்து சொன்ன? நீ சொன்னத நான் நம்பிட்டேன். நீ நம்பலியா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ வருஷமாகச் சேர்த்துவைத்த சண்டையெல்லாம் அந்த ஒரு வாய்க் காப்பியில் போய்விட்டது. போனது ஒரு வாரத்துக்குத்தான், அது வேறு விஷயம். அந்த டம்ளர் இப்போது அரிசி அளக்கிற படியாக இருக்கிறது.

கணவருக்கும் அத்தைக்கும் ரத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. தடுப்பூசி போட வேண்டும் என்றார்கள். மணல் லாரிகளுக்கு நடுவே அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒற்றைக் கையால் திருப்புகிற மனுஷன், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நர்ஸ், இதில் யாரம்மா கர்ப்பிணி என்று கேட்டாள்.

மறுபடி ஆரிச் சட்டத்தில் உட்கார்ந்தபோதுதான் என் புத்தி கெட்டது. இந்த ஊரில் வேறு யாரும் செய்யமாட்டாத காரியத்தை நான் செய்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை, சந்தன நிறம், அந்த வாரமே முகூர்த்தம். வலது கைப்பகுதி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அக்கா கடைக்குப் போயிருந்தாள். ஊசி விரலில் ஏறியது. ஒரு சொட்டு. பழக்கத்தில் வெள்ளை நூலைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓடுகிற தறியின் ரத்தம் இது. நாளைக்கு ஒரு பெண் உடம்பில் படப்போகிற துணி. ரத்தம் சிந்தினால் அந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பாத்ரூமிலிருந்து பிளீச்சிங்கை எடுத்துக் கரைத்துப் பஞ்சில் தொட்டுப் பட்டின் மேல் வைத்துவிட்டேன்.

பட்டுக்கும் பிளீச்சிங்குக்கும் ஆகவே ஆகாது. இந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். என் கண் எதிரிலேயே அந்த இடம் பழுத்து, இழை இற்று, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டையானது.

அக்கா வந்து பார்த்தாள். "பட்டுல பிளீச்சிங் ஊத்தினியா? பைத்தியமா புடிச்சிக்குது உனக்கு?" என்று ஆரம்பித்து அவள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கேட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கிருமி, தறி, குழந்தை, பிளீச்சிங், எல்லாம். சொல்லிக்கொண்டே வரும்போது அவள் கண் தன் கீழ் கை விரல்களைப் பார்ப்பதைக் கண்டேன். நாங்கள் மாற்றி மாற்றி எடுத்த ஊசிகள் எல்லாம் எங்கள் இருவருக்கும் நடுவே டப்பாவில் கிடந்தன.

அவள் எழுந்து உள்ளே போனாள். முடிந்தது, இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டு, பச்சை நூலும் கத்தரியும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல இந்த ஓட்டைய மூடுவோம். என் ரத்தத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

அடியில் ஒட்டுத்துணி வைத்து, ஓட்டையின் மேல் அக்கா ஒரு கிளியை எழுப்பினாள். மணிக்கண்ணும் வளைந்த மூக்குமாக அப்படி ஒரு கிளி. மறுநாள் பெண்ணின் அம்மா வந்து, ஒரு கையில் கிளி இருக்கிறது, இன்னொரு கையில் எங்கே என்று கேட்டாள். ஜோடிக் கிளி இன்னும் பறந்து வரவில்லை, சாயந்திரம் வந்துவிடும் என்று அக்கா முகம் மாறாமல் சொன்னாள். அந்தக் கல்யாணத்துக்கு வந்த பெண்கள் எல்லாம் கிளி வேண்டும் கிளி வேண்டும் என்று எங்களைத் தேடி வந்தார்கள். இன்றுவரைக்கும் எங்களிடம் அதிகம் போவது கிளி ரவிக்கைதான். அது ஏன் பிறந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

அக்காவின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வயிறு நசுங்குது விடுடி என்றாள். அவளும் தடுப்பூசி போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ஊசிக் காம்பில் சிவப்பு நூல், என் ஊசிக் காம்பில் பச்சை நூல். டாக்டரிடம் பிளீச்சிங் கதையைச் சொன்னபோது, பட்டில் ஊற்றச் சொன்னேனா என்று கேட்டார். பட்டில் ஊற்றாதே என்றும் சொல்லவில்லையே என்றேன். எச்சில் வித்தையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ரத்தம் வந்தால் முதலில் விரலுக்குக் கட்டுப் போடுங்கள், ரவிக்கைக்குச் சோப்புத் தண்ணீர் போதும் என்றார். அதோடு நான் அந்த வித்தையை விட்டேன். நூலை மெல்ல வாய் ஊறும். ஆனாலும் விட்டேன்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஒரே அம்மாவுக்குப் பிறந்த மற்றவர்களும் பார்க்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. பட்டுக்கடையில் மெத்தை மேல் உட்கார்ந்து புடவை விரித்துப் போடுகிறவன். அப்பாவும் இல்லாததால் நான் அவனுக்கு அம்மா, அவன் எனக்குத் தாய்வீடு. நாளைக்கு, அடுத்த வாரம் என்று நழுவிக்கொண்டிருந்தவனை ஒருநாள் கடையிலிருந்தே கிளப்பி அழைத்துப்போனேன்.

அவனுக்கும் இருந்தது. ஆனால் 'இ' இல்லை. 'இ'யை அடக்குகிற எதிர்ப்பு இருந்தது. கிருமியின் அளவும் மிகக் குறைவு. டாக்டர் என் பாஷையிலேயே சொன்னார்: "உங்களோடது பூட்டின தறி தம்பி. ஆனா பூட்டின தறியும் தறிதான். அப்பப்ப வந்து பூட்டு சரியா இருக்குதான்னு பாத்துக்கணும்." எனக்குப் பெரிய நிம்மதி. வெளியே வந்ததும், இதுலயும் நீ சோம்பேறிதான்டா என்று அவனைக் கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் மாத்திரை தொடங்கினேன். பிரசவத்துக்கு முன்னால் அளவு பார்த்தபோது, எக்கச்சக்கமாக இருந்த கிருமியில் துளிதான் மிச்சம் இருந்தது. 'இ' அப்படியேதான் இருந்தது. ஆனால் தறி கிட்டத்தட்ட நிற்கிற மாதிரி என்றார் டாக்டர். அன்றைக்கு நானும் அக்காவும் கோயில் இட்லி வாங்கி, மிளகும் சுக்கும் காரம் ஏற ஏற, நடந்துகொண்டே தின்றோம்.

குழந்தை ஒரு விடிகாலையில் பிறந்தது. பையனா பெண்ணா என்று நான் கேட்கவே இல்லை. ஊசி போட்டாச்சா என்றுதான் கேட்டேன். பொண்ணுமா என்றாள் நர்ஸ். ஊசி? அழகா இருக்குதுமா. ஊசி? ரெண்டு தொடையிலும் போட்டாச்சு தாயே, உன்ன மாதிரியே எங்ககிட்ட சண்டை போட்டுக்கினு இருக்குது என்று சொல்லி என் மார்பில் போட்டாள். பால் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தேன். அந்தச் சுகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாள் நகர்கிற விதமே வேறு. சிரிக்கிறாள், குப்புற விழுகிறாள், தவழ்கிறாள், ஆனால் என் ஒரு கண் அவள் கண்ணின் வெள்ளையிலேயே இருக்கும். கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால் வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "மஞ்சளைத் தேய்ச்சிக் குளிப்பாட்டினா மஞ்சளாத்தான்டி இருக்கும்" என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். கிருமி வந்திருந்தாலும் இந்த வயதில் கண்ணில் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரியாதது தெரிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது.

தம்பி வாரம் தவறாமல் வருவான். கவுன், பொம்மை, பழம் எல்லாம் வாங்கி வருவான். வாசற்படியிலேயே நின்று குழந்தைக்கு வேடிக்கை காட்டுவான். ஒரு தரமும் தூக்கியதில்லை. கேட்டால் கடைக்கு நேரமாச்சு என்பான். அவள் தவழ்ந்து போய் அவன் காலைப் பிடித்தால், தீயை மிதித்தவன் மாதிரி பின்னால் போவான். பூட்டின தறிடா, தூக்கினால் ஒன்றும் ஆகாதுடா என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் செருப்பை மாட்டிக்கொள்வான்.

காதுகுத்துக்கு அத்தை நாள் பார்த்தாள். ஏழாம் மாதம் என்றாள், நான் விடவில்லை. ரத்தம் பார்க்காமல் காதைத் தொடக்கூடாது என்று சண்டை போட்டுப் பதினோராம் மாதத்துக்குத் தள்ளினேன். திருமுக்கூடல் தாண்டி ஒரு கிராமத்தில் எங்கள் குலதெய்வம். அங்கே மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது வழக்கம். தம்பியிடம் சொன்னேன். சீர் எல்லாம் தட்டுத் தட்டாகக் கொண்டுவருகிறேன், ஆனால் மடியில் மட்டும் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள் என்றான்.

"புடவைக்கு குண்டூசி குத்திக் குத்தி என் விரல் பூரா ஓட்டைக்கா. அங்க அதுக்கு காதுல ஓட்டை போடுவாங்க. அம்மா எனக்கு குடுத்தத நான் அதுக்கு குடுக்கணுமா?"

அப்போதுதான் அவன் இத்தனை நாள் ஏன் வாசற்படியில் நின்றான் என்று முழுசாக விளங்கியது. எனக்கு நெஞ்சு வலித்தது. வலித்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அம்மா பெத்தது ரெண்டு. ஒண்ணு நான், ஒண்ணு நீ. மூணாவதா எவன்டா வந்து மடியில உக்காத்தி வெப்பான்?"

டாக்டரிடம் போய்க் கேட்டேன். குழந்தையின் ரத்தத்தில் கிருமி இல்லாமல், காவல் நன்றாக இருந்துவிட்டால், மாமன் மடி என்ன, மாமனின் ரத்தமே பட்டாலும் இந்தக் கிருமி அவளை ஒன்றும் செய்யாது என்றார். பிஞ்சுக் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தார்கள். என் கணவர் வெளியே போய்த் தன் பஸ்ஸின் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். முடிவு சனிக்கிழமை வரும் என்றார்கள். சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து.

கிளம்பினோம். வேறு என்ன செய்வது, பொங்கலுக்கு அரிசி கழுவியாயிற்று, சொந்தமெல்லாம், அன்றைக்குச் சர்ச்சுக்குப் போகாத அக்காவும்கூட, வேனில் ஏறியாயிற்று. தம்பி பட்டுவேட்டி கட்டி, சீர்த்தட்டோடு வந்தான். மொட்டை போடுகிறவருக்கு நானே புது பிளேடு கொண்டுபோயிருந்தேன், உறையை அவர் முன்னாலேயே பிரித்துக் கொடுத்தேன். காது குத்துகிற பத்தர், காலங்காலமாகக் குத்துகிறேன் என்று முறைத்தார். காலங்காலமாகக் குத்துகிற அதே ஊசிதான் வேண்டாம் என்றேன். புதுக் கம்பியைக் கொதிக்கிற தண்ணீரில் போட வைத்தேன். ரவிக்கைக்காரி நம்ம தொழிலுக்கே வந்துட்டாள் என்று அவர் முணுமுணுத்தார்.

மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, குழந்தை மின்னிக்கொண்டிருந்தாள். பத்தர் தயார். மடிதான் இல்லை. நல்ல நேரம் போகுது என்றாள் அத்தை. தம்பி கூட்டத்தின் கடைசியில் நின்றான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் ஏறி நின்றேன், அங்கேதான் சிக்னல் கொஞ்சம் கிடைத்தது. முடிவு வந்திருந்தது. திறக்கத்தான் மாட்டேன் என்றது. திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. வாழ்நாளில் ஒரு வட்டத்தை அப்படித் திட்டியதில்லை.

திறந்தது. முதல் வரி, சர்ஃபேஸ் ஆன்டிஜென், இல்லை. இரண்டாவது வரி, எதிர்ப்புச் சக்தி, டாக்டர் சொன்ன அந்தக் காவல், இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டருக்கு அனுப்பினேன். அவர் போட்டது ஒரே வார்த்தை: குத்துங்க.

மேட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, செருப்பு ஒன்று இன்றைக்கும் அங்கேதான் கிடக்கும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்தேன். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தான். உதடு கோணியது. பலகையில் அவனைத் தள்ளி உட்கார வைத்து, குழந்தையைத் தூக்கி மடியில் போட்டேன். அவன் கைகளை இரண்டு பக்கமும் விரித்துவைத்துக்கொண்டு, தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

பத்தர் முதல் காதைக் குத்தினார். குழந்தை ஊரே அதிரக் கத்தினாள். காது மடலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் உருண்டு, தம்பியின் வெள்ளைப் பட்டுவேட்டியில் விழுந்தது.

யாரோ தண்ணீர்ச் செம்பை எடுத்தார்கள். "தண்ணி ஊத்தாதீங்க, பட்டு!" என்று அக்கா கத்தினாள். அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் பையில் வெள்ளை நூல் எப்போதும் இருக்கும். கொஞ்சம் பிய்த்து உருட்டி, அலறிக்கொண்டிருந்த வாய்க்குள் வைத்தேன். புதிதாக முளைத்த பல்லால் அவள் அதை ஆத்திரத்தோடு மென்றாள். ஜொள்ளு ஒழுக ஒழுக எடுத்து, வேட்டியில் ஒற்றினேன். ஒற்ற ஒற்ற ரத்தம் நூலில் ஏறியது. பட்டு வெளுத்தது.

சாமி முன்னால் எச்சிலா என்று அத்தை வாயில் கை வைத்தாள். அவ ரத்தம், அவ எச்சில், ரெண்டும் சுத்தம் அத்தை என்றேன். சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். சிரிப்பும் வந்தது. அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, கறை போச்சா பாருடி என்றாள். போய்விட்டிருந்தது.

இன்னொரு காது இருக்குது என்றார் பத்தர். குழந்தை திமிறினாள். வழுக்கி மடியிலிருந்து விழப்போனாள். தம்பியின் கைகள் அப்போதுதான் மூடின. இறுக்கி அணைத்துக்கொண்டான்.

"நான் என் மருமவள புடிச்சிக்கினு இருக்கேன். நீங்க குத்துங்க."

குத்தினார். இரண்டாவது சொட்டு, குண்டூசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவன் கட்டைவிரல் மேல் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை.